நாள்பட்ட நோயோடு இருப்பவர்கள் இணையவழி மன-உடல் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதும் தொடர்வதும்

நீரிழிவு, முடக்குவாதம், ஆஸ்துமா, சிறுநீரகச் செயலிழப்பு என்று ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்கும் நோய்க்கு மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்த மருத்துவர், நோயாளி நாற்காலியை விட்டு எழும்போது கடைசியாகச் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க, யோகா, தியானம்னு ஏதாவது பண்ணுங்க." எந்த யோகா, எவ்வளவு நேரம், வீங்கிய முழங்காலோடு எப்படி உட்காருவது என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடினால் செயலிகளும் காணொளிகளும் கட்டண வகுப்புகளும் கொட்டிக் கிடக்கின்றன; ஆனால் அவற்றுள் பல, வேலை அலுப்பைத் தவிர வேறு குறையில்லாத உடம்பு ஒன்றை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை.

பன்னிரண்டு ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு வாழ்கிறேன். எட்டு வார இணையவழிப் பயிற்சி ஒன்றில் மூன்றாம் வாரத்தோடு நின்றுபோனேன். வேறொன்றை இரண்டு ஆண்டுகள் கழித்து முழுமையாக முடித்தேன். நான் மருத்துவர் இல்லை. முதல் முறை ஏன் நின்றேன், இரண்டாம் முறை எதை மாற்றினேன் என்பதையும், அந்த மாற்றங்களுக்காகத் தேடிப் படித்தவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன். பயிற்சியை அது விற்கப்படும் வடிவத்திலேயே ஏற்றுக்கொள்ளாமல், ரவிக்கைக்கு அளவு கொடுப்பதுபோல் நோய்க்கு அளவெடுத்து வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் கண்டது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

இன்று இணையத்தில் கிடைக்கும் பல பயிற்சிகளுக்கு மூலம் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் தொடங்கிய மன அழுத்தக் குறைப்பு வகுப்பு. அதில் தொடக்கத்தில் சேர்ந்தவர்களில் பலர், எந்தச் சிகிச்சையிலும் வலி தீராமல் மற்ற மருத்துவர்களால் அனுப்பிவைக்கப்பட்ட நாள்பட்ட நோயாளிகள். எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு வகுப்பு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், இடையே ஒரு முழுநாள் மௌனப் பயிற்சி, வீட்டில் நாளுக்கு முக்கால் மணி நேரம் என்பது அதன் கட்டமைப்பு. எம்.பி.எஸ்.ஆர். என்று சுருக்கி அழைக்கப்படும், எழும் உணர்வை எதிர்க்காமல் கவனிக்கப் பழக்கும் இந்த முழுக்கவனப் (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சியோடு, மென்மையான யோகம், தாய் சீ என்ற சீன மெல்லசைவுப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துதல், நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த யோக நித்திரை ஆகியவையும் மன-உடல் பயிற்சி என்ற ஒரே கூடையில்தான் வருகின்றன.

பயன் எவ்வளவு என்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் தெரிந்துகொள்வது நல்லது. நாள்பட்ட முதுகுவலியுள்ள 342 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், முழுக்கவனப் பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழ 61 விழுக்காட்டினருக்கும், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் 58 விழுக்காட்டினருக்கும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 44 விழுக்காட்டினருக்கும் அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் ஆறு மாதங்களில் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தது. இந்த எண்களை நான் இரண்டு விதமாகவும் படிப்பேன். பயிற்சியால் பயன் உண்டு. பயிற்சி பெற்றும் பத்தில் நால்வருக்கு அந்த அளவு முன்னேற்றம் வரவில்லை, பெறாமலே பத்தில் நால்வருக்கு மேல் முன்னேறியும் இருக்கிறார்கள். இந்த ஆய்வு நேரில் கூடிய வகுப்பில் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இணையவழிப் பயிற்சிகளைப் பொறுத்தவரை ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுவது, மனிதர் ஒருவர் தொடர்பில் இருந்து வழிகாட்டும் பயிற்சிகளை, நோயாளி தனியே கேட்டுச் செய்யும் பதிவுகளைவிட அதிகம் பேர் முடிக்கிறார்கள் என்பதே.

எதற்கு உதவாது என்பதைச் சொல்ல அதிக இடம் தேவையில்லை. நோயால் சிதைந்த மூட்டையோ, கணையத்தின் இன்சுலின் சுரப்பையோ, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனையோ இவை திருப்பித் தருவதில்லை. "சுகர் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று சொல்லும் வகுப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதில் சேரக் கூடாது.

சேரும் முன் மனநிலையை அளந்துகொள்ளுங்கள்

நாள்பட்ட உடல்நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு தனது 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் குறிப்பிட்டது. ஆகவே பயிற்சிக்குப் பணம் கட்டும் முன், நமக்கு இருப்பது சாதாரண அலுப்பா, சிகிச்சை தேவைப்படும் சோர்வா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு உலகெங்கும் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாள் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். இருபதைத் தொட்டால் பயிற்சியைத் தள்ளிவைத்துச் சிகிச்சையை முதலில் தொடங்க வேண்டும்.

நம்மைப் போன்றவர்களுக்கு இந்த வினாத்தாளில் ஒரு சிக்கல் உண்டு. தூக்கம் கெடுதல், களைப்பு, பசியின்மை ஆகிய மூன்றும் நோயாலேயே, சில வேளை மருந்தாலேயே வரக்கூடியவை. எனவே மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல் முதலிரண்டு கேள்விகளை, அதாவது எதிலும் நாட்டமில்லாமை, மனம் தாழ்ந்து கிடத்தல் ஆகியவற்றைத் தனியாகக் கவனியுங்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்ற எண்ணம் பற்றியது. அதற்குப் பூஜ்யத்தைத் தவிர வேறெந்த விடை வந்தாலும், மற்ற மதிப்பெண்கள் எப்படி இருந்தாலும், அன்றே ஒருவரிடம் பேச வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926.

முன்பு மனநோய்ச் சிகிச்சை பெற்றவர்களும், காதில் குரல் கேட்பது போன்ற அனுபவம் இருந்தவர்களும், பெரிய விபத்தையோ வன்முறையையோ கடந்து வந்தவர்களும் மனநல மருத்துவரைக் கேட்காமல் நீண்ட மௌனத் தியானத்தில் இறங்க வேண்டாம். தியானம் எல்லோருக்கும் இதமாகவே இருக்கும் என்று சொல்வது சரியில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டன் என்ற ஆய்வாளர், தியானத்தின்போது கடும் பதற்றமும் உணர்வு மரத்துப்போதலும் ஏற்பட்டவர்களின் அனுபவங்களைப் பல ஆண்டுகளாக ஆவணப்படுத்தி வருகிறார்.

எந்தப் பயிற்சியில் சேர்வது

முதலில் பார்க்க வேண்டியது நடத்துபவர் யார் என்பது. உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் மருத்துவ உளவியலாளராக இருந்தால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்வார். யோக மருத்துவம் என்றால் பி.என்.ஒய்.எஸ். என்ற பட்டம் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியிலும் அதைக் கற்பிக்கிறார்கள். நோயாளிகளுக்குத் தனித்தனியே பயிற்சியை மாற்றிக் கொடுக்கும் மரபும் சென்னைக்குப் புதிதில்லை. 1976இல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அதற்காகவே அறியப்பட்டது. பட்டம் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. பட்டம் இல்லாதவர் உங்கள் நோயின் பெயரைக் கேட்டதும் என்ன கேள்வி கேட்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். "பரவாயில்லை, எல்லாருக்கும் ஒரே பயிற்சிதான்" என்று சொல்பவரிடமிருந்து விலகிவிடலாம். "என்ன மருந்து, எந்த மூட்டு, கடைசியாக எப்போது விழுந்தீர்கள்" என்று கேட்பவரிடம் சேரலாம்.

அடுத்து மொழி. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதி வேலை பார்ப்பவர்கூட, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும்போது "ஸாஃப்ட்டன் யுவர் பெல்லி" என்ற குரலை மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் தளர்வு வராது. தமிழில் நடக்கும் வகுப்பு கிடைத்தால் அதற்கே முன்னுரிமை கொடுங்கள்; கிடைக்காவிட்டால் வகுப்பு ஆங்கிலத்தில் இருக்கட்டும், தினப் பயிற்சிக்கான வழிகாட்டலை வீட்டில் ஒருவரைத் தமிழில் மெதுவாகப் படிக்கச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளலாம். என் அக்காள் படித்த பன்னிரண்டு நிமிடப் பதிவைத்தான் நான் இன்றும் கேட்கிறேன். நடுவில் குக்கர் விசில் ஒன்று கேட்கும், அது பழகிவிட்டது.

பணத்தைப் பொறுத்தவரை, ஆண்டுச் சந்தாவை முதல் நாளே கட்டாதீர்கள். இலவச வாரம் என்று சொல்லி யு.பி.ஐ. ஆட்டோபேவுக்கு அனுமதி வாங்கும் செயலிகளில், வாரம் முடியும் முன்பே அனுமதியை நீக்கிவிட நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். தகவல் பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு வழியே நடக்கும் வகுப்பில் சேர்ந்தால் உங்கள் எண்ணும், அதோடு உங்களுக்கு இன்ன நோய் என்பதும் முன்பின் தெரியாத பலரின் கைக்குப் போகின்றன. சிலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. வேலை தேடுபவர்களும் திருமணப் பேச்சில் இருப்பவர்களும் பொருட்படுத்துவார்கள். அவர்கள் அறிவிப்பு மட்டும் வரும் குழுவைக் கேட்டுப் பெறலாம்.

வகுப்பின் கிழமையும் நேரமும் கடைசியாகப் பார்க்கும் விஷயமாகத் தோன்றும். என்னை முதல் முறை வீழ்த்தியது அதுதான். முடக்குவாதத்துக்கு நான் எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது சனிக்கிழமை இரவு. மறுநாள் முழுக்கக் குமட்டலும் அலுப்பும் இருக்கும். வகுப்போ ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, விரல்களே மடங்காத நேரத்தில். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, எனக்கு மனவுறுதி போதவில்லை என்று முடிவுகட்டினேன். நடத்தியவர்களும் "ஒரு சாக்குச் சொல்லாமல் வாருங்கள்" என்றுதான் செய்தி அனுப்பினார்கள். இரண்டாம் முறை புதன்கிழமை மாலை ஐந்து மணி வகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். அதே மனவுறுதியோடு எட்டு வாரமும் முடிந்தது.

நோய்க்கேற்ற மாற்றங்கள்

கீழே உள்ளவற்றை உங்கள் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் யோசித்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும், ஆனால் "யோகா பண்ணலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பண்ணலாம்" என்ற பொதுவான விடைதான் கிடைக்கும்.

நீரிழிவுள்ளவர்கள், அதிலும் இன்சுலினோ சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள், ஒன்றைத் திடமாக நினைவில் கொள்ள வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை பதற்றத்தின் அறிகுறிகளைப் போலவே இருக்கும். பயிற்சியாளர், "எழும் உணர்வை எதிர்க்காமல் கவனியுங்கள்" என்பார். அந்த நேரத்தில் கவனித்துக்கொண்டிருக்கக் கூடாது, குளுக்கோமீட்டரை எடுக்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் அளவு சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் விடியற்காலை வகுப்பு என்பது இவர்களுக்குப் பொருந்தாது. பாதம் மரத்துப்போனவர்கள், "கால்விரல்களை உணருங்கள்" என்று தொடங்கி, கவனத்தை உடலின் ஒவ்வொரு பாகமாக நகர்த்தும் உடல் வருடல் பயிற்சியில் முதல் நிமிடத்திலேயே மனம் உடைந்துபோவதுண்டு. அவர்கள் உள்ளங்கையிலிருந்து தொடங்கலாம். ஒற்றைக்காலில் நிற்கும் ஆசனங்களைச் சுவரைப் பிடிக்காமல் செய்ய வேண்டாம்.

ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் உள்ளவர்களுக்கு, "மூச்சைக் கவனியுங்கள்" என்ற கட்டளையே பயத்தைக் கிளப்பக்கூடும். மூச்சு என்பது அவர்களுக்கு நடுநிலையான பொருளில்லை. அது அவர்களை எப்போது வேண்டுமானாலும் ஏமாற்றிவிடக்கூடியது. ஆகவே கவனத்தை நிறுத்தும் இடமாக மூச்சுக்குப் பதில் தரையில் படும் உள்ளங்காலையோ, மின்விசிறியின் ஒலியையோ, மடியில் கிடக்கும் கைகளின் சூட்டையோ எடுத்துக்கொள்ளலாம். மூச்சிரைக்கும்போது, உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவதுபோல் வெளிவிடுவது உதவும். இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் மூச்சை அடக்கிவைக்கும் கும்பகத்தையும் கபாலபாதி போன்ற வேக மூச்சையும் தவிர்க்க வேண்டும். வலிப்பு நோயுள்ளவர்களுக்கும் வேக மூச்சு ஆகாது. அது வலிப்பைத் தூண்டக்கூடும். கிளாக்கோமா இருந்தால் தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் கண்ணழுத்தத்தைக் கூட்டும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் (ஆஸ்டியோபோரோசிஸ்) முதுகை வளைத்து முன்குனிவதைத் தவிர்ப்பது நல்லது. அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் படுத்த நிலையிலிருந்து சட்டென எழுந்து நிற்காமல், பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழ வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலருக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நாற்காலியிலேயே போய்விடுகிறது. வீடு திரும்பியதும் எதற்கும் தெம்பிருப்பதில்லை. அந்த நாற்காலி நேரத்தையே பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். பதிவைக் கேட்பதற்கு ஒரு காதில் மட்டும் இயர்போன் போதும். மற்றக் காது செவிலியரின் குரலுக்கும் இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலிக்கும் திறந்திருக்க வேண்டும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையை ஊன்றி எந்த ஆசனமும் கூடாது.

முடக்குவாதத்துக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியில் விரல்களை முட்டியாக மடக்கச் சொல்வார்கள்; வீங்கிய மூட்டோடு அதைச் செய்யாமல், இறுக்குவதை மனத்தால் மட்டும் நினைத்துத் தளர்த்தலை மட்டும் செய்தாலே போதும். உள்ளங்கையை ஊன்ற வேண்டிய இடத்தில் முழங்கையை ஊன்றலாம். நீண்ட கால முடக்குவாதம் கழுத்தெலும்பின் மேற்பகுதியையும் தாக்கக்கூடும் என்பதால், கழுத்தைச் சுழற்றும் பயிற்சிகளைச் செய்யும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம். தரையில் உட்கார முடியாதது ஒரு குறையே இல்லை. கைப்பிடியுள்ள மர நாற்காலி எல்லாவற்றுக்கும் போதும்.

இறுதியாக, நாள்பட்ட களைப்பு நோயும், கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் களைப்பும் உள்ளவர்கள். சிறு உழைப்புக்குப் பிறகு ஓரிரு நாள் கழித்து நிலைமை சரிந்துவிடுவது இவர்களின் நோய்க்கே உரிய தன்மை. வாரத்துக்கு வாரம் உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறையை நாள்பட்ட களைப்பு நோய்க்குப் பரிந்துரைக்கக் கூடாது என்று 'நைஸ்' அமைப்பே 2021இல் தனது வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. "தினமும் கொஞ்சம் கூட்டுங்கள்" என்று சொல்லும் பயிற்சி இவர்களுக்கானதன்று. படுத்தபடி கேட்கும் ஐந்து நிமிடப் பதிவு போதும், அதையும் தெம்புள்ள அளவுக்கு மட்டும்.

முதல் இரண்டு வாரங்கள்

நாளுக்கு முக்கால் மணி நேரம் என்ற அளவை மறந்துவிடுங்கள். பத்து நிமிடப் பயிற்சியோடு தொடங்குங்கள். நேரத்தை மணியோடு கட்டாமல், ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டுங்கள்: மாலைக் காப்பிக்குப் பிறகு, கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடியிருக்கும்போது, இரவு மாத்திரைக்கு முன்பு. பதிவைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு கைபேசியைப் பறக்கும் நிலையில் (ஃப்ளைட் மோட்) போட்டுவிடுங்கள். இல்லையென்றால் உடல் வருடலில் இடுப்பை எட்டும்போது கடன் அட்டை விற்பவர் அழைப்பார்.

இரண்டு அறை வீட்டில் தனியிடம் என்பது பலருக்கு இல்லை. குறிப்பாக, வீட்டுச் சமையலைத் தாங்கும் பெண்களுக்குப் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்வது சோம்பலாகப் பார்க்கப்படும் வீடுகள் உண்டு. "டாக்டர் சொன்ன பயிற்சி" என்று அறிவித்துவிடுவது பயன் தருகிறது. மருந்துச்சீட்டிலேயே அதை எழுதித் தரச் சொல்லி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். குழந்தைகளிடம், இந்தத் துண்டைத் தோளில் போட்டிருந்தால் பத்து நிமிடம் கூப்பிடக் கூடாது என்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி எப்படி இருக்கும் என்று தெரியாமல் தயங்குபவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். நாற்காலியில் முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். கால் எட்டாவிட்டால் பலகை வையுங்கள். கண்ணை மூடலாம், அல்லது மூன்றடி தூரத்தில் தரையைப் பார்க்கலாம். பாதம் தரையை எந்த இடத்தில் தொடுகிறது, குதிகாலிலா விரலடியிலா என்று பாருங்கள். பிறகு தொடை நாற்காலியில் அழுந்தும் இடம், முதுகு சாயும் இடம், கைகளின் எடை, தாடை. ஒவ்வோர் இடத்திலும் நாலைந்து மூச்சளவு நில்லுங்கள். வலிக்கும் இடத்துக்கு வந்ததும், அதன் நடுவுக்குப் போகாமல் அதன் ஓரத்தைத் தேடுங்கள்: வலி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இப்போது குத்துகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா. ஓரத்தைப் பார்ப்பதே அதிகமாகத் தோன்றினால், வலியே இல்லாத ஓரிடத்துக்கு, காது மடலுக்கோ மூக்கு நுனிக்கோ, கவனத்தை மாற்றிவிடுங்கள். மனம் ஆய்வகத்து முடிவுக்கும் மகள் கல்லூரிக் கட்டணத்துக்கும் ஓடும். ஓடியது தெரிந்ததும் பாதத்துக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் முப்பது முறை திரும்ப நேர்ந்தாலும் முப்பது முறை பயிற்சி நடந்ததாகவே கணக்கு.

தொடக்க நாள்களில் வலி கூடியதுபோல் தோன்றுவதுண்டு. இத்தனை நாள் தொலைக்காட்சிச் சத்தத்தில் மறைத்துவைத்திருந்த ஒன்றை நேரே பார்ப்பதால் வரும் தோற்றம் அது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்குகிறது. அடங்காமல் தூக்கத்தைக் கெடுத்தாலோ, பயிற்சி முடிந்த பின்னும் பதற்றம் நீடித்தாலோ, நிறுத்திவிட்டு நடத்துபவரிடம் சொல்லுங்கள். நிறுத்துவது தோல்வி என்று அவர் பேசினால் அவரிடம் திரும்பிப் போக வேண்டாம்.

நோய் கிளம்பும் நாள்களும் மற்றவையும்

மூன்றாம், நான்காம் வாரங்களில்தான் நிறையப் பேர் நழுவுகிறார்கள். புதுமை தீர்ந்திருக்கும், பயன் இன்னும் கண்ணுக்குத் தெரியாது, அதற்குள் ஒரு முறையாவது நோய் தீவிரமாகக் கிளம்பியிருக்கும். இதற்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வேண்டும்: நல்ல நாளுக்கு ஒரு பயிற்சி, மோசமான நாளுக்கு இன்னொன்று. என் மோசமான நாள் பயிற்சி மூன்று நிமிடம். படுக்கையில் படுத்தபடி வலது கை, இடது கை, முகம், அவ்வளவுதான். காய்ச்சலோ கடும் வீக்கமோ உள்ள நாளில் அதையும் செய்வதில்லை. அன்று குறிப்பேட்டில் ஒரு கோடு மட்டும் போடுவேன். தவறிய நாளை மறுநாள் இரட்டிப்பாக்கி ஈடுகட்டப் பார்ப்பவர்கள்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள்.

இணையத்தில் நேரலையாக நடக்கும் வகுப்பில் முகத்தைக் காட்டுவது கட்டாயமில்லை என்றால், ஆசனம் செய்யும் நேரத்தில் மட்டுமாவது கேமராவைத் திறந்து வையுங்கள்; நீங்கள் தவறாக வளைவதைப் பயிற்சியாளர் பார்க்க வேறு வழியில்லை. கைபேசியைச் சுவரில் சாய்த்து, தலை முதல் கால் வரை தெரிகிற தூரத்தில் நாற்காலியைப் போட்டு, வகுப்புக்கு முந்தைய நாளே சரிபார்த்துக்கொள்ளலாம். பகிர்வு நேரத்தில் சக நோயாளிகளின் பேச்சு பல வேளை பயிற்சியைவிட ஆறுதல் தரும். ஒருவர் தன் மருந்தை நிறுத்திப் பார்த்த கதையைச் சொல்லத் தொடங்கினால் மட்டும், அதை அவர் கதையாகவே விட்டுவிடுங்கள்.

குறிப்பேட்டில் வலியின் எண்ணை மட்டும் எழுதினால், எண் இறங்காத வாரங்களில் எல்லாம் வீண் என்று தோன்றும். நான் எழுதுவது வேறு: இன்று மாடிக்கு ஏறினேனா, யாரிடமாவது எரிந்து விழுந்தேனா, இரவில் எத்தனை மணிக்கு விழித்தேன். நான்காம் வாரமும் எட்டாம் வாரமும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளை மறுபடி நிரப்புங்கள். ஐந்து மதிப்பெண் அளவுக்குக் குறைந்திருந்தால் அது பொருட்படுத்தத்தக்க மாற்றம். எட்டு வாரத்திலும் அசைவே இல்லையென்றாலோ ஏறியிருந்தாலோ, அடுத்த பயிற்சியைத் தேடாமல் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையோ, உளவியல் சிகிச்சையோ தேவைப்படலாம்.

எட்டு வாரம் முடிந்ததும் "அடுத்த நிலை" வகுப்புக்கு அழைப்பு வரும். அவசரம் வேண்டாம். மூன்று மாதம் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு தொடர முடிகிறதா என்று பார்த்துவிட்டு, முடியவில்லையென்றால் மாதம் ஒரு முறை கூடும் தொடர்குழு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்; பல இடங்களில் அது மலிவு, சில இடங்களில் இலவசம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது குறிப்பேட்டை இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு சேர்த்து மேசையில் வையுங்கள். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ முன்பைவிடக் குறைந்திருந்தால் மாத்திரையின் அளவை மாற்றுவது அவர் வேலை; "யோகா பண்ணுங்க" என்று அவர் சொன்னதை எப்படிச் செய்தீர்கள் என்று, அடுத்த டோக்கனைக் கூப்பிடும் முன், அவரும் ஒரு பக்கம் புரட்டிப் பார்க்கக்கூடும்.